கண்டியில் ஒரு புனல் குறைகிறது

கண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே ரீட்டா டீச்சர் கையில் குடையை வைத்துக்கொண்டே நனைந்தபடி நின்றிருந்தார்.

"விரிச்சா காத்து பிச்சிக்கிட்டுப் போயிரும் புள்ள. இருக்கிறது ஒரே குடை. நாம நனைஞ்சா காஞ்சிருவோம், குடை போனா போனதுதான்."

அந்தப் பேச்சிலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. ஹந்தானை மலைக்குக் கீழே உள்ள ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர் அவர். நான் தங்குவதற்குத் தன் வீட்டில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார். இங்கே தமிழர்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் கோயிலின் பேண்ட் வாத்தியக் குழுவுக்காகத்தான் நான் வந்தேன். சென்னையில் பழைய இசைக்கருவிகளைப் பாதுகாக்கும் ஒரு தனியார் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். பித்தளை ஊதுகருவிகள் என் பொறுப்பு. அவற்றிலும் அடித்தொனியில் முழங்கும் பெரிய குழல்கள் என் தனிப்பாடம். கோயிலின் சாமான் அறையில் அப்படி மூன்று கிடப்பதாகவும், பழுதுபார்க்கக் கொடுக்குமுன் அவை என்ன, எந்தெந்தப் பாகங்கள் குறைகின்றன என்று யாராவது வந்து சொல்ல வேண்டும் என்றும் பங்குத்தந்தை கேட்டிருந்தார். என் அப்பா திண்டுக்கல்லில் பழைய பாத்திரம் வாங்கி விற்கிறவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். கடல் கடந்து ஒரு வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கவில்லை.

அன்று மாலை டீச்சர் வீட்டில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். பாண் என்றால் ரொட்டி. எங்கள் ஊரில் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பதை இங்கே பசிக்குச் சாப்பிடுகிறார்கள். சம்பலின் காரத்தில் கண்ணீர் வந்தது. "அழாத புள்ள, இன்னும் ஒண்ணுமே நடக்கல" என்றார் டீச்சர்.

வியாழன் காலை மழை விட்டிருந்தது. மலை மட்டும் மூட்டத்தை விட்டு வெளியே வரவில்லை.

பங்குத்தந்தை யாழ்ப்பாணத்துக்காரர், இளைஞர். "வாங்கோ பிள்ளை. நான் இஞ்ச வந்து ஒரு வருசமும் ஆகேல்ல. இதுகளைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. சேவியர் ஐயாதான் எல்லாம்" என்று பங்குச் சபைத் தலைவரைக் காட்டினார். சேவியர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா. சபைக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சாமான் அறையின் சாவி அந்தோணியிடம் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். பேராதனை ஆஸ்பத்திரியில் ட்ரொலி தள்ளுகிறார், பேண்டில் பெரிய குழல் ஊதுகிறார். இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார்.

முதல் கருவியைக் கண்டதும் அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இரண்டாக மடித்த நீண்ட பித்தளைக் குழாய், உடம்பெல்லாம் சாக்ஸஃபோன் போல மூடிகள், ஆனால் ஊதும் இடத்தில் கிண்ண வாய். ஒஃபிக்லைட். டியூபா வருவதற்கு முன்னால் இருந்த சாதி. மூடிகளில் பாதி இல்லை. துளைகளை யாரோ மெழுகுவர்த்தி மெழுகால் அடைத்திருந்தார்கள். இரண்டாவது ஹெலிக்கன், உடம்பைச் சுற்றி மாலை போலத் தோளில் மாட்டிக்கொள்வது. அதற்கு ஊதுவாய் இல்லை, ஒரு வால்வும் இல்லை. பார்த்தவுடன் இவற்றுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் மிகச் சிலர். நான் சத்தமாகவே பெயர் சொன்னேன். சேவியர் ஒரு பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

மூன்றாவதுதான் அந்தோணி இன்றும் ஊதுகிற குழல். யூஃபோனியம் என்று எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக மூன்று வால்வு, அல்லது நான்கு. இதில் ஐந்து.

"இந்த அஞ்சாவத அமுக்கினா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"மூச்சு அடைச்சுக்கும் மிஸ். அதனால அமுக்கமாட்டேன். சும்மா வெச்சிருக்கான் போல" என்றார் அந்தோணி.

சும்மா இல்லை. ஐந்தாவது வால்விலிருந்து ஒரு குழாய் தனியாகப் பிரிந்து, பெரிய புனலுக்குப் பக்கத்தில் மேலே வந்து, கட்டைவிரல் நீளத்தில் நின்றது. நுனியில் ஒரு விளிம்பு. அதன் வாயைப் பித்தளைத் தகடு வைத்து ஈயத்தால் மூடியிருந்தார்கள். குழலில் ஓசை வெளியேறுகிற விரிந்த வாயை நான் புனல் என்றே சொல்கிறேன். இந்தக் கருவிக்குப் புனல் இரண்டு. ஐந்தாவது வால்வை அமுக்கினால் ஓசை பெரிய புனலை விட்டுச் சின்னதின் வழியாக, வேறொரு ஆள் தூரத்திலிருந்து பதில் சொல்வதுபோல வரும். படத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த கருவி.

"இங்க இன்னொரு புனல் இருந்திருக்கு. அது இல்ல" என்று சொன்னேன்.

"அது துணி கட்டுற குமிழுங்க மிஸ்" என்றார் அந்தோணி. "சாவுக்குக் கறுப்புத் துணி அதுலதான் கட்டுவோம்."

"இல்லைங்க, குமிழ் இல்ல. புனல் மாட்டுற இடம். தனியா கழற்றி மாட்டலாம். வெள்ளி முலாம் போட்டது, இப்ப கிடைக்கவே கிடைக்காது."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அறையில் யாரும் குழலைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தோணியைப் பார்த்தார்கள்.

"கழற்றி மாட்டலாமாம்" என்றார் சேவியர், யாரிடமும் சொல்லாதது போல. "சாவி எத்தனை வருசமா ஒங்க வீட்டுல இருக்கு அந்தோணி?"

"எங்கப்பா காலத்துலயே இது இப்படித்தாங்க இருந்துச்சு."

"ஒங்கப்பா காலத்துலயும் சாவி ஒங்க வீட்டுலதானே இருந்துச்சு?"

சபைக்காரர் ஒருவர் சிரித்தார். அந்த ஈயம் பழையது, கறுத்து இறுகியிருக்கிறது என்று நான் சொன்னேன். "ஈயத்துக்கு வயசு சொல்ல ஏலுமா மிஸ்? மூடினவன் கறுப்பு பூசி மூடியிருப்பான்" என்றார் சேவியர். ஞாயிறு பூசைக்குப் பிறகு சபை கூடி முடிவெடுக்கும், அதுவரை சாவி தன்னிடம் இருக்கட்டும் என்று கையை நீட்டினார். அந்தோணி சாவியைக் கொடுத்துவிட்டு, குழலின் மேல் கிடந்த தன் துவாலையை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஹந்தானைக்குப் போனேன். ஆட்டோக்காரர் பாதி ஏற்றத்தில் நிறுத்தி, இதற்கு மேல் வண்டி ஏறாது என்று சிங்களத்தில் சொன்னார். நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழில், "நடங்க, நடங்க, நல்லது" என்றார். அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. தேயிலைக்கு நடுவே நடந்து தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வரிசையாக ஒட்டிய அறைகளில் ஒன்று அந்தோணியின் வீடு. அவர் மனைவி செல்வராணி உப்பை எடுத்து வந்து அட்டையின் மேல் தேய்த்த பிறகுதான், "நீங்கதானா அந்த இந்தியா மிஸ்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கை ஒரு நொடி நின்று, பிறகு காலைத் துடைத்துவிட்டது.

கதிரை போட்டு உட்கார வைத்தார். பிளேன்டீ கொடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்தார். சீனியை நக்கிக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் சர்க்கரை குறைவாக இருந்த காலத்தில் அம்மா இப்படித்தான் செய்வார் என்று சொல்ல நினைத்தேன். சொல்லும் இடம் அது இல்லை.

"நேத்துல இருந்து அவருக்குச் சோறு எறங்கல" என்றார் செல்வராணி. "அந்தச் சாவி எங்க மாமனாருக்குக் குடுத்தது மிஸ். லயத்து ஆளு கையில கோயில் சாவி குடுத்தது அதான் மொத தடவ. அன்னிக்கு லயமே சோறாக்கித் தின்னுச்சாம். இன்னிக்கு எங்க மக கிளாஸ்ல புள்ளைங்க கேக்குதுங்களாம், ஒங்கப்பா கோயில் பித்தளைய வித்துட்டாராமேன்னு."

அதற்குள் அந்தோணி வேலை முடிந்து வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"நீங்க சொன்னது பொய்யா மிஸ்?"

"இல்லை."

"ரெண்டாவது புனல் இருந்தது நெசந்தானா?"

"நிஜம்தான்."

"அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?"

"எப்ப போச்சுன்னு கண்டுபிடிக்கிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டார் ஏதாவது சொன்னால் ஆட்டுவதுபோல. செல்வராணி தன் செருப்பைக் கொடுத்து என்னை அனுப்பினார். அது எனக்குச் சிறியது. வழியெல்லாம் குதிகால் தரையில் உரசியது.

கம்பளையில் பழைய பித்தளை வாங்குகிற கடையில்தான் அவன் விற்றிருப்பான் என்று சேவியர் கோயில் முற்றத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனவே சனிக்கிழமை ரீட்டா டீச்சரோடு கம்பளைக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் இருமி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் புகைக்குள் மறைந்தார். நடத்துநர் சிங்களத்தில் பயணிகளுக்கு ஏதோ அறிவித்தார், பஸ்ஸே சிரித்தது. டீச்சர் மொழிபெயர்த்தார்: "அவசரம் இருக்கிறவங்க நேத்தே கிளம்பியிருக்கணுமாம்." பின்னால் இருந்த ஒரு பெண், தன் மாமியாரைப் பார்க்கத்தான் போகிறேன், மெதுவாகவே பழுதுபாருங்கள் என்றாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகாவலி ஆறு பக்கத்தில் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

பித்தளைக் கடை நானா கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். முஸ்லிம் வியாபாரிகளை இங்கே எல்லோரும் நானா என்றுதான் அழைக்கிறார்கள்.

"இரிங்க தங்கச்சி. பேண்ட் கொழலு வாய்தானே? ஒரு பெரிய மனிசன் போன்ல கேட்டாரு, அந்தோணின்னு ஒருத்தன் வந்தானான்னு. வரல்லன்னு சென்னேன். அவருக்கு அது புடிக்கல்ல. எங்கட வாப்பா காலத்துல இருந்து ஒரு பேச்சு ஈக்கி. கோயில் சாமான், பள்ளிச் சாமான், பன்சல சாமான், ஒண்டும் இந்தப் படி ஏறப்படாது." பள்ளி என்றது மசூதியை, பன்சல என்றது புத்த விகாரையை.

வாசம் மட்டும் எங்கள் அப்பா கடையின் வாசம். புளி போட்டுத் தேய்த்த செம்பு, நனைந்த சாக்கு. எங்கள் கடையிலும் கோயில் மணி ஏறாது. அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். ஆனால் 'வரவில்லை' என்பதைச் சபையில் சான்றாக வைக்க முடியாது. அவன் வேறு கடைக்குப் போயிருப்பான் என்பார்கள்.

வெளியே வந்தபோது தெருவில் ஒரு சவ ஊர்வலம். கடைகள் ஒரு பக்கக் கதவை மூடின. முன்னால் வேறொரு ஊர் பேண்ட். எல்லாக் குழல்களிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஒருவருடைய குழலில் துணி வழுக்கி வால்வுக்கு மேல் இறங்கிவிட, அவர் வரிசையை விட்டு விலகி நின்று, பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார்.

"பாரு, அவனுக்கு நிக்கல" என்றார் டீச்சர். "எங்க பேண்ட்லயும் மத்தவங்களுக்கு இப்படித்தான் வழுக்கும். பெரிய கொழல்ல மட்டும் வழுக்காது. அதுல துணி கட்டுறதுக்குன்னே ஒரு குமிழ் வெச்சுத்தான் வெள்ளக்காரன் செஞ்சிருக்கான்."

நான் நின்றுவிட்டேன்.

"டீச்சர், அந்தக் குமிழ்ல துணி கட்டி முதல்ல எப்பப் பாத்தீங்க?"

"மொதல்லன்னா... எங்கப்பா சாவுல. அந்தோணியோட அப்பாதான் ஊதினாரு, சாவி அப்ப அவரு கைக்கு வரல. அந்தோணி அப்ப ஸ்கூல் கால்சட்டையில நின்னான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் புள்ள?"

காணாமல் போனது புனல் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள், எந்த இடத்திலிருந்து என்று யாரும் சொல்லவில்லை. புனல் மாட்டியிருந்தால் அங்கே துணி கட்ட இடமே இல்லை. அந்தப் பங்கில் செத்த ஒவ்வொருவருக்கும் பின்னால் அந்தத் துணி ஆடியிருக்கிறது. நான் ஈயத்தின் வயதைத் தேடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆட்டோ பிடித்துத் திரும்பி, பங்குத்தந்தையை அறையைத் திறக்க வைத்தேன். சேவியர் வாசலில் நின்று பார்த்தார். விளிம்புக்குக் கீழே முடிச்சு உரசி உரசிப் பித்தளையே பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தில் கறுப்புச் சாயம் ஊறி, உலோகத்தின் நிறமாகவே ஆகியிருந்தது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் சபை கூடியது. அந்தோணி கடைசிக் கதிரையில், ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்தார். மேசையில் சாவி. குழலை நான் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். உலோகம் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"உங்க வீட்டுச் சாவுல இந்தக் குழல்ல கறுப்புத் துணி எங்க கட்டியிருந்தது?"

ஒரு கிழவர், "அந்தக் குமிழ்லதான்" என்றார். அவருடைய அண்ணன் சாவில். இன்னொரு பெண் தன் மாமனார் சாவில். பின்வரிசையிலிருந்து ஒருவர், வெள்ளம் வந்த வருசம், பெட்டியைத் தோணியில் ஏற்றிய அன்று. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. செத்தவர்கள் ஒவ்வொருவராக மண்டபத்துக்குள் வருவதுபோல இருந்தது.

ரீட்டா டீச்சர் எழுந்தார். "ஒங்க அம்மா சாவுல, சேவியர் அண்ணே, துணி காத்துல அவுந்து பெட்டி மேல விழுந்திச்சே. நீங்கதானே எடுத்து அந்தோணியோட அப்பா கையில குடுத்தீங்க. 'குமிழ்ல நல்லா இறுக்கிக் கட்டுங்க'ன்னு சொன்னீங்க. சாவி அவரு கைக்கு வர்றதுக்கு முந்தி அது. நான் பக்கத்துலதான் நின்னேன்."

சேவியர் பேனாவை மூடினார். திறந்தார். திரும்ப மூடினார்.

"ஆமா" என்றார். "அப்படித்தான். அப்பச் சரி. நம்ம காலத்துக்கு முந்தியே போயிருக்கு. பிரச்சினை தீந்துச்சு." சாவியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். "எடுத்துக்க அந்தோணி."

அந்தோணி எழுந்து வந்தார். சாவியைத் தொடவில்லை.

"குமிழ்ல துணி கட்டுவோம்னு வியாழக்கெழமையே சொன்னேங்க. இந்த மிஸ் கேட்டதும் எல்லாருக்கும் ஞாபகம் வருது. நான் சொன்னப்ப ஒருத்தருக்கும் வரலையே."

"அதான் முடிஞ்சிருச்சே, என்ன மனுசன் நீ" என்றார் சபைக்காரர் ஒருவர்.

"எனக்கு முடியலைங்க" என்றார் அந்தோணி. கோபமாகச் சொல்லவில்லை. ட்ரொலிக்கு வழி கேட்கிற குரல். வெளியே போய்விட்டார். மண்டபத்தில் தேநீர் பரிமாறினார்கள், மீன் வைத்த மாலுபாணும் கொடுத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். பலர் என்னிடம் வந்து கெட்டிக்காரி என்று பாராட்டினார்கள். பாராட்டு எனக்குப் பிடிக்கும். அன்று தேநீர்க் கோப்பையோடு வாசலுக்குப் போய் மலைப் பாதையைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். காலையில் ஒரு தபால்காரரின் மனைவி இறந்த செய்தி வந்தது. டீச்சர் போகிறார், நானும் போனேன். பேண்ட்காரர்கள் கோயில் முற்றத்தில் கூடி நின்றார்கள். அந்தோணி வருவாரா என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை, எல்லோரும் மலைப் பாதையையே பார்த்தார்கள். வந்தார். சாமான் அறைக்குள் போகவில்லை. சேவியர் திறந்துவிட, மேளக்காரர் குழலைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தோணி கறுப்புத் துணியை வாங்கி, குமிழைச் சுற்றி இரண்டு முறை ஓட்டி முடிச்சுப் போட்டார்.

"வரமாட்டார்னு நெனச்சேன்" என்று டீச்சரின் காதில் சொன்னேன்.

"செத்தவ என்ன செஞ்சா புள்ள?" என்றார் டீச்சர்.

மழையில் நடந்தோம். மலைச் சரிவில் மற்றக் குழல்களின் ஓசை மேலே எழும்பி மூட்டத்தில் கரைந்தது. பெரிய குழல் மட்டும் தரையோடு வந்தது, கால் வழியாகக் கேட்பதுபோல. நான் எத்தனையோ காப்பகங்களில் எத்தனையோ குழல்களைத் துடைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடப் பிணத்துக்குப் பின்னால் நடந்து கேட்டதில்லை.

மயானத்திலிருந்து திரும்பியதும் மற்றவர்கள் கருவிகளை அறைக்குள் வைத்தார்கள். அந்தோணி தன் குழலைக் கோயில் படிக்கட்டில், கூரை விளிம்புக்கு வெளியே வைத்தார்.

"அந்தோணி, உள்ளுக்கு வைச்சுப்போட்டுப் போங்கோவன்" என்றார் பங்குத்தந்தை.

"அந்த ரூமுக்கு நான் பொறுப்பில்ல பாதர்."

மலைப் பாதையில் ஏறிப் போனார். மழை வலுத்தது. பெரிய புனலில் தண்ணீர் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் சேவியர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். குனிந்து, புனலைப் பிடித்துப் பார்த்தார், பிறகு வால்வுகளை. வளைவில் கை வைத்தார், அது சாய்ந்தது, உள்ளிருந்த தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. இத்தனை வருசம் அவர் அதைத் தொட்டதே இல்லை. எங்கே பிடித்தால் தூக்கலாம் என்று தெரியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.